மாடி அறை கம்ப்யூட்டரிலிருந்து ஹால் டிவிக்கு: லேக் குறைக்கச் செய்து பார்த்தவை

கேமிங் கம்ப்யூட்டர் மாடி அறையில் இருக்கிறது. 55 அங்குல 4கே டிவி கீழே ஹாலில். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கான்கிரீட் தளம்தான், ஆனால் ஒயர் போகிற வழியில் அளந்தால் 17 மீட்டர் வருகிறது. கம்ப்யூட்டரைக் கீழே இறக்க வழியில்லை. பகல் முழுக்க அதில்தான் வேலை, அதன் சத்தமும் சூடும் ஹாலுக்கு ஆகாது. மாலையில் மகனும் நானும் சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் விளையாட வேண்டும். மாடியில் மானிட்டர் முன்னால் பேட் எப்படிப் பேச்சைக் கேட்கிறதோ, கீழேயும் அப்படியே கேட்க வேண்டும். ஆசை இவ்வளவுதான்.

கிரிக்கெட் கேமில் டைமிங் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லி செகண்ட் நிற்கும். நடுவில் 100 மில்லி செகண்ட் கூடினால், பந்து ஆறு ஃபிரேம் முன்னால் இருந்த இடத்தைப் பார்த்துத்தான் பேட்டை வீசுகிறோம். கவர் டிரைவுக்குப் போன பந்து கீப்பர் கையில் போய் விழும். படம் மட்டும் பார்க்கிற ஆளுக்கு லேக் என்கிற இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. விளையாடுகிறவருக்கு மட்டும் கை கனத்துப்போன மாதிரி இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குத் தனிக் கருவி தேவைப்படவில்லை. இப்போது வரும் பல போன்களில் ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுக்கலாம். அதில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 4 மில்லி செகண்ட். கன்ட்ரோலரின் பட்டனும் டிவி திரையும் ஒரே ஷாட்டில் தெரியும்படி போனை ஸ்டாண்டில் வைத்து, பட்டனை அழுத்தி, விரல் இறங்கிய ஃபிரேமுக்கும் திரையில் பேட் அசைந்த ஃபிரேமுக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுவது. ஒரு தடவை எடுத்ததை நம்பக் கூடாது. பட்டன் அழுத்தும் நொடி, கேமின் ஃபிரேம், திரையின் ஃபிரேம் மூன்றும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் சந்திப்பதால் எண் மேலும் கீழும் ஆடும். பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் நிலைக்கு வந்துவிடும். மாடி மானிட்டரில் எனக்குக் கிடைத்த சராசரி சுமார் 50 மில்லி செகண்ட். இதில் கேம் எஞ்சின், கிராஃபிக்ஸ் கார்டு, கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் அடக்கம். கீழே எந்த வழியில் இணைத்தாலும் இந்த 50-க்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரையே கீழே தூக்கி வந்து, 2 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு நேராக இணைத்து அளந்தேன். இதைச் செய்யாமல் யாரும் நீளக் கேபிள் வாங்க வேண்டாம் என்பேன். டிவி எந்தப் பிக்சர் மோடில் இருந்ததோ அப்படியே விட்டு அளந்ததில் 150-ஐத் தாண்டியது. ரிமோட்டை எடுத்து கேம் மோடுக்கு மாற்றியதும் 60-க்கு அருகில் வந்துவிட்டது. இரண்டு மீட்டர் கேபிளில், டிவி மட்டுமே 90 மில்லி செகண்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது!

காரணம் புரிந்துகொண்டால் கோபம் வராது. சினிமா, சீரியல் பார்க்கும்போது அசைவு வழுக்கிக்கொண்டு தெரிய வேண்டும் என்பதற்காக டிவி இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத ஒரு ஃபிரேமைத் தானே வரைந்து செருகுகிறது. நடுவில் வரைய வேண்டுமானால் அடுத்த ஃபிரேம் கைக்கு வரும்வரை இப்போதைய ஃபிரேமைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நாய்ஸ் குறைப்பது, கூர்மை ஏற்றுவது என்று மற்ற வேலைகளும் சேர்ந்துகொள்ளும். கேம் மோடு இவற்றில் பெரும்பாலானதை அணைத்துவிடும். எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த ஏஎல்எல்எம் வசதி இரு பக்கமும் இருந்தால் டிவி தானாகவே கேம் மோடுக்குப் போகும். என் டிவியில் அது இல்லை; அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டும் கேம் மோடை நிலையாக வைத்துவிட்டேன்.

ஆக டிவி சரியாகிவிட்டது. இனி 17 மீட்டர்.

முதலில் செலவில்லாத வழி. கம்ப்யூட்டரில் சன்ஷைன், ஆண்ட்ராய்டு டிவியில் மூன்லைட். இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டும் இலவசம், அருமையான மென்பொருள்கள். ஸ்டீம் லிங்க் ஆப்பும் இதே வேலையைச் செய்யும். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் வீடியோவாகச் சுருக்கி (என்கோடிங்) அனுப்ப, டிவியின் சிப் அதை விரித்து (டிகோடிங்) காட்டுகிறது. மூன்லைட்டில் புள்ளிவிவரத்தைத் திரையிலேயே காட்டச் சொல்லலாம்: நெட்வொர்க்குக்கு எவ்வளவு, டிகோடிங்குக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரும். அந்த எண்களைப் பார்த்துத்தான் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

வைஃபையில் சராசரி மோசமில்லை. ஆனால் சராசரியைக் கொண்டு கிரிக்கெட் ஆட முடியாது. பத்து பந்து ஒழுங்காக வரும், பதினோராவது பந்தில் திரை ஒரு கணம் தயங்கும். ரவுட்டர் மாடியில், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டும்போதே நலிந்துவிடுகிறது, 2.4-இல் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் கூட்டமாக நிற்கின்றன. ஒரே அறையில் ரவுட்டரும் டிவியும் இருக்கிற வீட்டில் வைஃபையே போதுமானதாக இருக்கலாம். தளம் தாண்டுகிற வீட்டில் இதை நம்ப வேண்டாம்.

ரவுட்டரிலிருந்து டிவிவரை கேட் 6 என்ற நெட்வொர்க் ஒயரை மாடிப்படி ஓரமாகத் தற்காலிகமாக இழுத்துப் பார்த்தேன். தயக்கம் அடியோடு நின்றது, நெட்வொர்க் தாமதம் 1 மில்லி செகண்ட் அளவுக்கு இறங்கியது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நிறைய டிவிகளில் லேன் போர்ட் 100 மெகாபிட் மட்டும்தான். 4கே 60-க்கு மூன்லைட் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவே 80 மெகாபிட், அதற்கு மேல் படத்தின் தரத்தை ஏற்ற இடமே இல்லை. டிவி சிப் வீடியோவை விரிக்க எடுக்கும் நேரமும் குறையவில்லை. ஒயர் போட்டதால் சிப்புக்கு வேகம் வந்துவிடாதே. மொத்தத்தில் கேம் மோடில் நேராக இணைத்ததைவிட 30 மில்லி செகண்ட் வரை கூடுதல். கதை சொல்கிற கேம், கார் ஓட்டுகிற கேம் என்றால் நான் இதோடு நின்றிருப்பேன், பிறருக்கும் இதையே சொல்வேன். வேகப் பந்துக்கு மட்டும் அந்த இரண்டு ஃபிரேம் உறுத்திக்கொண்டே இருந்தது.

எனவே எச்டிஎம்ஐ-யையே கீழே கொண்டுவருவது என்று ஆயிற்று. 4கே 60 ஹெர்ட்ஸை முழு வண்ணத்தோடு அனுப்ப எச்டிஎம்ஐ 2.0-இன் 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 கிகாபிட்) வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் அந்த வேகத்தை ஐந்தாறு மீட்டர்வரை தாங்கும். அதற்கு மேல் திரை மின்னும், புள்ளி தெறிக்கும், அல்லது ஒன்றுமே வராது. கேட் 6 ஒயரில் எச்டிஎம்ஐ அனுப்பும் எக்ஸ்டெண்டர்களும் கடையில் இருக்கின்றன. விலை மலிந்தவற்றில் பல, உள்ளே வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன, அதாவது திரும்பவும் அதே என்கோடிங் தாமதம். எச்டிபேஸ்டி என்ற முறையில் தாமதம் மிகக் குறைவு, ஆனால் 18 ஜிபிபிஎஸ்ஸை அப்படியே கடத்தும் 3.0 பெட்டிகளின் விலை வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மிஞ்சியது ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள். படத்தின் சிக்னல் முழுக்கக் கண்ணாடி இழையில் ஒளியாகப் போகிறது. இழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோ செகண்ட். 20 மீட்டருக்கு 100 நானோ செகண்ட். மில்லி செகண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சுருக்குவது விரிப்பது எதுவும் இல்லை. நான் 48 ஜிபிபிஎஸ் தாங்கும் 20 மீட்டர் கேபிளையே வாங்கினேன். இன்றைய டிவிக்கு 18 போதும்தான். ஆனால் சுவருக்குள் ஒயர் இழுப்பது ஒரு தடவை செய்கிற வேலை, டிவி மாறிக்கொண்டே இருக்கும்.

சுவரை உடைக்கத் தேவைப்படவில்லை. மொட்டை மாடியிலிருந்து இரண்டு தளத்துக்கும் கேபிள் டிவிக்காக வீடு கட்டும்போதே பதித்த தனி பைப் இருந்தது. உள்ளே பழைய கேபிள் ஒயர் சும்மா கிடந்தது. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் எச்டிஎம்ஐ-யை நுழைக்கவே கூடாது. ஆப்டிகல் கேபிளிலும் மின்சாரத்துக்கும் கன்ட்ரோல் சிக்னலுக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் உண்டு, 230 வோல்ட்டோடு ஒரே பைப்பில் அது பாதுகாப்பில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பைப்பைப் பார்த்துவிட்டு, "சார், இதுல பெண்டு ரெண்டு மூணு இருக்கும். இவ்ளோ பெரிய தலை திரும்பாது" என்றார். உண்மைதான். எச்டிஎம்ஐ முனையின் உலோகமே 14 மி.மீ. அகலம், மேல் பிளாஸ்டிக்கோடு 20-ஐத் தொடும். நல்ல வேளையாக, தலை கழற்றக்கூடிய ஆப்டிகல் கேபிள்கள் இருக்கின்றன. இரு முனையும் மைக்ரோ எச்டிஎம்ஐ அளவில் இருக்கும், இழுத்து முடித்தபிறகு பெரிய தலையை மாட்டிக்கொள்ளலாம். நான் வாங்கியது அந்த வகை. "அண்ணே, தலைய பிடிச்சு இழுக்காம, ஒயரோட உடம்புல கட்டி இழுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் பழைய கேபிள் ஒயரின் முனையோடு நைலான் கயிற்றைக் கட்டி முதலில் கயிற்றைக் கொண்டுவந்தார். பிறகு கயிற்றில் புதுக் கேபிளை ஒரு முழ நீளத்துக்கு டேப் சுற்றிப் பிணைத்து, பவுடர் தூவி, மேலே ஒருவர் தள்ளக் கீழே ஒருவர் நிதானமாக இழுத்தோம். கூடவே ஒரு கேட் 6 ஒயரும் போயிற்று. கண்ணாடி இழையை மடக்கினால் ஒடிந்துவிடும் என்பதால் ஜங்ஷன் பாக்ஸில் கூர்மையாக மடிக்காமல் பெரிய வளையமாக விட்டோம்.

இந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று போட்ட முனை கம்ப்யூட்டருக்கு, டிஸ்பிளே என்று போட்டது டிவிக்கு. மாற்றி இழுத்துவிட்டால் மொத்தத்தையும் உருவ வேண்டும். அதனால் பைப்பில் விடுவதற்கு முன்பே தரையில் விரித்து, இரு முனையையும் மாட்டி, 4கே 60 வருகிறதா என்று ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். முதலில் 4கே 30-தான் வந்தது. டிவி மெனுவில் அந்த போர்ட்டுக்கு முழு வேகத்தைத் திறக்கும் அமைப்பு அணைந்திருந்ததே காரணம். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்.

படம் வந்தது, கன்ட்ரோலர் வரவில்லை. மாடியில் இருக்கும் புளூடூத் கான்கிரீட்டைத் தாண்டிச் சோபாவரை பெரும்பாலும் வந்து சேரவில்லை, வந்தபோதும் விட்டுவிட்டு வந்தது. நிறைய பேர் படத்துக்கு எல்லாம் செய்துவிட்டு இங்கேதான் விடுகிறார்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர்தான். கூட இழுத்த கேட் 6 ஒயரின் இரு முனையிலும் யுஎஸ்பி எக்ஸ்டெண்டர் பெட்டிகளைப் போட்டு, டிவி பக்கம் ஒரு ஹப் வைத்து, அதில் கன்ட்ரோலரின் டாங்கிளை, அதாவது அதன் சிக்னலைப் பிடிக்கும் சிறு யுஎஸ்பி துண்டை, செருகினேன். டாங்கிளிலிருந்து சோபா மூன்று மீட்டர் தூரம்கூட இல்லை. அன்றிலிருந்து ஒரு பட்டன்கூடத் தவறவில்லை.

சவுண்டுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏஆர்சி எச்டிஎம்ஐ போர்ட்டில் சவுண்ட்பார் இருப்பதால் அந்தப் பேச்சு டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவே முடிந்துவிடுகிறது. விண்டோஸில் மட்டும் இரு திரையிலும் ஒரே படம் காட்டும் டூப்ளிகேட்டை விட்டுவிட்டு, விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி வைக்கிறேன். என் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், டிவி 60. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் படம் சீராக ஓடுவதில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரில் லோ லேட்டன்சி மோடைப் போட்டதில் வரிசையில் காத்திருக்கும் ஃபிரேம்களும் குறைந்தன.

கடைசியாக அதே போனை அதே ஸ்டாண்டில் வைத்து அளந்ததில் 60 மில்லி செகண்ட். இரண்டு மீட்டர் கேபிளில் வந்த அதே எண். மாடி மானிட்டரைவிட ஒரு ஃபிரேமுக்கும் குறைவான வித்தியாசம். மகன் முதல் ஓவரிலேயே, "அப்பா, பேட் இப்பதான் என் கைல இருக்கு" என்றான்.

பாக்கி இருப்பது கம்ப்யூட்டரைக் கீழிருந்தே ஆன் செய்வது. ஸ்லீப்பில் இருந்தால் ஹப்பில் செருகிய கீபோர்டைத் தட்டி எழுப்பலாம், அது வேலை செய்கிறது. முழுதாக ஷட்டவுன் ஆகியிருந்தால் போனிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வேக் ஆன் லேன் சிக்னலை அனுப்ப வேண்டும். மதர்போர்டின் பயாஸில் அதைத் திறந்துவிட்டேன், இதற்குக் குறுக்கே நிற்கக்கூடிய விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பார்ப்பது அடுத்த வேலை.