மணவிலக்குக் கோப்பில் ஒரு சேமநிதித் தாள்

சிங்கப்பூரில் குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். தமிழ் பேசும் கட்சிக்காரர்கள் வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். வீடு, நகை, பிள்ளைகள் யாரிடம் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். சம்பளத்திலிருந்து முதுமைக்காகக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) அறிக்கை கொண்டு வாருங்கள் என்றால் மட்டும், "அது எதுக்கும்மா?" என்பார்கள்.

யீஷூனிலிருந்து வந்த அக்காவும் அப்படித்தான் கேட்டார். வயது 52, மணமாகி 24 ஆண்டுகள். கணவர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். மூத்தவன் பிறந்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டார். மாமியார் படுக்கையில் கிடந்த 6 ஆண்டுகளும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக எடுத்த அவருடைய அறிக்கையில் எல்லாக் கணக்கும் சேர்த்து 9,000 வெள்ளிகூட இல்லை. கணவரின் பிரமாணப் பத்திரம் வந்தபோது, அவர் கணக்கில் அதைப்போல் 30 மடங்குக்கு மேல் இருந்தது. அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அது அவர் சம்பாதிச்சது தங்கச்சி. நான் கேட்டா நல்லா இருக்குமா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பெண்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும். மணவாழ்க்கையில் சேர்ந்த சேமநிதி யார் பெயரில் இருந்தாலும், இங்குள்ள குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவின்படி பங்கிடக்கூடிய சொத்துதான். ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்ட மணவாழ்க்கைகளில் பங்கீடு சரிபாதியை நோக்கியே போவதாக 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நான் அக்காவிடம் சட்டத்தைச் சொல்லவில்லை. "அந்த 6 வருஷமும் மாமியாரைப் பார்க்க ஆள் வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் அக்கா?" என்றுதான் கேட்டேன்.

சமரசப் பேச்சு இரண்டு முறை முறிந்தது. "வீட்டுல பாதி எடுத்துக்கட்டும், சிபிஎஃப்ல கை வைக்கக்கூடாது" என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். கேட்க தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றால், அதற்காக எடுத்த சேமநிதிப் பணம் 2.5 விழுக்காடு வட்டியோடு அவர் கணக்குக்கே திரும்பிப் போகும். கடனும் அதுவும் கழிந்த மிச்சத்தில் பாதியா, அதற்கு முன்பே பாதியா என்பதைத் தீர்ப்பில் தெளிவாக எழுதாவிட்டால், அக்கா கையில் வருவது மிகச் சொற்பம்.

கடைசியில் நீதிமன்றம் கணவர் கணக்கிலிருந்து ஒரு பகுதியை அக்கா கணக்குக்கு மாற்ற உத்தரவிட்டது. ரொக்கமாக வராது, சேமநிதியிலிருந்து சேமநிதிக்குத்தான். அதிலிருந்து கிடைக்கும் மாதத் தொகை 65 வயதில்தான் தொடங்கும். வாடகைக்கு அலையும் ஒருத்திக்கு அது தொலைவுதான், எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் முதுமையில் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருக்க அவருக்கு வேறு வழி ஒன்றும் இல்லை.

அப்புறம் நியமனம், அதாவது இறந்தபின் சேமநிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிந்து வைப்பது. திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், மணவிலக்கால் ஆகாது. உயில் எழுதினாலும் சேமநிதியைக் கட்டுப்படுத்தாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கோப்பை மூடிய மறு ஆண்டே ஒரு கட்சிக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். பணம் முழுவதும் முன்னாள் மனைவிக்குப் போனது. "எல்லாம் ஒனக்குத்தாம்மான்னு சொன்னானே" என்று அவருடைய தாயார் என் மேசைக்கு எதிரே அழுதார். அவர் கோப்பு மாதக்கணக்கில் என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் அக்காவின் கோப்பைக் கட்டும் முன்னே அவரை வரச் சொன்னேன். அவருடைய நியமனத்தில் இன்னும் கணவர் பெயர்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகள் பெயரையும் சரிபாதியாகப் போட்டோம். நானும் எங்கள் வரவேற்பாளரும் சாட்சி. முடித்ததும் அக்கா புது அறிக்கையை அச்சிட்டுத் தரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்த முறை கவிழ்க்காமல், கடைசி வரி வரை வாசித்தார்.