இருபத்திரண்டு உயிர்களும் ஒரு நோட்டும்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் பாம்பு அறையைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டாம் அடுக்கில் இருக்கும் பெண் கார்ன் பாம்பு, விழுங்கிய இரண்டு எலிகளையும் கக்கியிருந்தது. பாதி செரித்து, முடி கொழகொழத்து, தாள் விரிப்பு முழுவதும் ஈரம். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

இரண்டு எலிகள். வியாழன் இரவு நான் ஒன்று கொடுத்தேன். வெள்ளி மாலை நான் வர நேரமாகவே, பசித்திருக்குமே என்று தம்பி இன்னொன்று கொடுத்திருக்கிறான். கார்ன் பாம்பு நீட்டிய இரையை மறுக்கிற பிராணி அல்ல. அவன்மேல் தவறு சொல்ல மாட்டேன். எதற்கு எப்போது இரை கொடுத்தோம் என்பது என் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதுதான் தவறு.

கக்கும்போது இரை மட்டும் வெளியே வருவதில்லை. வயிற்று அமிலம் உணவுக்குழாயை அரித்துக்கொண்டு வருகிறது. செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் குறைந்துபோகின்றன. பாவம் என்று உடனே இன்னொரு எலியைக் கொடுத்தால் மறுபடியும் கக்கும், உடல் இன்னும் நலியும். ஆகவே இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். அதன்பின் வழக்கத்தில் பாதி அளவுள்ள இரை. வெப்பம் குறைந்தாலும் பாம்புகள் கக்கும் என்பதால் கதகதப்பான பக்கத்தை அளந்து பார்த்தேன். 30 டிகிரி, சரியாகவே இருக்கிறது.

மாலையில் கட்டம் போட்ட பெரிய நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். சிறுத்தைப் பல்லிகள் 11, தாடி ஓணான்கள் 3, கார்ன் பாம்புகள் 3, பால் பைத்தான்கள் (பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு வகை) 2, செங்காது ஆமைகள் 2. இவற்றோடு, தனியறையில் கண்காணிப்பில் இருக்கும் புதிய சிறுத்தைப் பல்லி. இரை, எச்சம், எடை, சட்டை உரித்த நாள், கடைசியில் யார் செய்தது என்பதற்கு ஒரு கட்டம். எழுதாமல் இனி யாரும் இடுக்கியைத் தொடக்கூடாது என்று தம்பியிடம் சொன்னேன். “நீயும்தானே அக்கா?” என்றான். நானும்தான்.

மார்ச் 3, திங்கள்

இத்தனை பெட்டிகளையும் ஒரே நாளில் கழுவ முயன்றவள் நான். பாதியில் அலுத்துப்போய், கடைசி ஐந்து பெட்டிகளுக்குக் கை மட்டுமே வேலை செய்யும், கண் செய்யாது. இப்போது பிரித்துவிட்டேன். தினமும் காலையில் எல்லோருக்கும் புதுத் தண்ணீர், எச்சம் இருந்தால் அகற்றுதல், ஒரு நிமிடமாவது நின்று பார்த்தல். முழுக் கழுவல் ஒரு நாளைக்கு மூன்று பெட்டி, அதற்கு மேல் இல்லை.

சிறுத்தைப் பல்லி இதில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பெட்டியின் ஏதோ ஒரு மூலையைத் தானே தேர்ந்தெடுத்து எப்போதும் அங்கேயே கழிக்கும். அந்த மூலையில் மட்டும் ஒரு துண்டுத் தாளைப் போட்டுவைத்தால் தினசரிச் சுத்தம் அரை நிமிட வேலை.

வரிசையும் முக்கியம். நெடுநாள் நலமாக இருப்பவை முதலில், சந்தேகத்துக்குரியவை அடுத்து, தனியறைப் பல்லி எல்லாவற்றுக்கும் கடைசியில். அந்த அறையிலிருந்து வந்த கையோடு வேறெந்தப் பெட்டியையும் திறப்பதில்லை. அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனித் துணி. இடுக்கியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பல்லிகளுக்கு இரை போடும் இரவு. வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், குட்டிகளுக்குத் தினமும்.

பல்லிக்கு இரை போடுவதைவிட அந்த இரைக்கு இரை போடுவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. பட்டினி கிடந்த சிள்வண்டைக் கொடுப்பது வெறும் ஓட்டைக் கொடுப்பதுபோல. ஒரு நாளாவது முன்கூட்டியே அவற்றுக்குக் கீரை, கேரட், கால்சியம் கலந்த தீவனம் கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டும். அப்படியும் போதாது. பெரும்பாலான பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பல்லிக்கு வேண்டியதோ ஏறத்தாழ இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கால்சியம் பொடி. டப்பாவில் பூச்சிகளைப் போட்டு, ஒரு சிட்டிகை பொடி தூவி, மெல்லக் குலுக்கினால் மாவில் புரட்டியது போல வெளுத்து வரும். இதை விட்டுவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் போல வளையும், கால்கள் கோணிப்போகும். அப்படி வளைந்த தாடையோடு வந்த ஒரு குட்டியை முன்பு வைத்திருந்தேன். இரை வாய்க்குள் போய்த் திரும்ப வழுக்கி விழுவதை ஒவ்வொரு இரவும் பார்த்திருக்கிறேன். பொடி போட மறந்த நாள் என்று ஒன்று அதன்பின் என்னிடம் இல்லை.

இன்று மூத்த பெண் பல்லியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். சிள்வண்டைக் கண்டதும் உடல் தரையோடு பதிந்தது. ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நின்றது. பிறகு வால் நுனி மட்டும், வேறெதுவும் அசையாமல், கிலுகிலுவென்று நடுங்கியது. அடுத்த கணம் சிள்வண்டின் பின்னங்கால் ஒன்று மட்டுமே வாய் ஓரத்தில் தெரிந்தது.

தின்னாமல் விட்ட பூச்சிகளைப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். இரவில் பசித்தால் சிள்வண்டு உறங்கும் பல்லியையே கடிக்கும்.

மார்ச் 8, சனி

ஆமைத் தொட்டி. எல்லாவற்றிலும் உழைப்பு அதிகம் கேட்பது இதுதான். தண்ணீரிலேயே தின்று, தண்ணீரிலேயே கழித்து, அதையே குடிக்கிற பிராணி. வடிகட்டி எவ்வளவு பெரிதானாலும் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரையாவது மாற்றுகிறேன். பஞ்சு வடிகட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாயடியில் வைத்துத் தேய்த்தால், குளோரின் கலந்த தண்ணீரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்.

எந்த ஊர்வனத்தின் பாத்திரமும் சமையலறைத் தொட்டிக்குப் போகக்கூடாது என்பது வீட்டில் எழுதி ஒட்டாத சட்டம். நலமாகத் தெரியும் ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். குழந்தைகளுக்கு அது பரவியதால்தான் அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்கும் குறைவான ஆமைகளின் விற்பனையை 1975இல் தடை செய்தார்கள். சின்ன ஆமையைக் குழந்தை வாயில் வைத்துவிடும். எங்களிடம் தனி வாளி, தனிக் குழாய், வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்பு.

மார்ச் 9, ஞாயிறு

எடை பார்க்கும் நாள். மூடி போட்ட டப்பாவை இலக்கத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக.

தனியறைப் பல்லி: பிப்ரவரி 23இல் 52 கிராம், 2ஆம் தேதி 50, இன்று 47. இரண்டு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பட்டினி கிடந்து இளைத்தால் புரியும். இது தின்கிறது. புதன் இரவு ஆறு பூச்சிகள் தின்றதாகத் தம்பி எழுதியிருக்கிறான். தின்றும் இளைக்கிறது. கொழுப்பைச் சேமிக்கும் வால், முளைக்கீரைத் தண்டு போலத் தடித்திருக்க வேண்டியது, அடியில் ஒடுங்கத் தொடங்கியிருக்கிறது. தினம் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியவே இல்லை. மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்கள் எல்லோரும் பயப்படும் ஒரு பெயர் மனதில் வந்துவிட்டது: கிரிப்டோஸ்போரிடியம். குடல் சுவரைப் பிடிக்கும் ஒட்டுண்ணி. வால் குச்சியாகும் வரை உருக்கும். நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எச்சத்தின் வழியே மற்றவற்றுக்கும் போகும்.

இந்தப் பல்லி வந்தது பிப்ரவரி தொடக்கத்தில். சிவப்பு நூல் கட்டியது சென்ற திங்கட்கிழமைதான். அதற்கு முந்தைய வாரங்களில் ஒரே இடுக்கியைத்தான் எல்லா அறைகளிலும் பயன்படுத்தினேனா? நினைவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் நினைவில்லை. தூக்கம் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விடியற்காலையில் புது எச்சம் கிடைத்தது. காய்வதற்குள் மூடியுள்ள டப்பாவில் போட்டு, குளிர்ச்சியில் வைத்து, பல்லியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் பல்லியைப் பார்ப்பதற்கு முன் நோட்டைத்தான் வாங்கிப் படித்தார். எச்சத்தின் நிறம், வெள்ளைப் பகுதி எப்படி இருந்தது, எப்போது சட்டை உரித்தது என்று அவர் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தது. வெள்ளைப் பகுதி யூரேட், அதாவது திடமான சிறுநீர். அது மஞ்சளாகிக் கெட்டியானால் உடலில் நீர் குறைகிறது என்று பொருள். இதற்கு வெள்ளையாகவே இருக்கிறது.

முடிவு வர சில நாள் ஆகும்.

மார்ச் 13, வியாழன்

இன்று தனியறையைப் பிரித்துப்போட்டுக் கழுவினேன்.

கிருமிநாசினியை நேராக அழுக்கின்மேல் தெளிப்பதில் பயனில்லை. எச்சமும் சளியும் இருக்கும் இடத்தில் அதன் வீரியம் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின்தான் கரைசல், அதுவும் பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் மணம் மட்டுமே மிஞ்சும். வழக்கமாக நீர்த்த குளோர்ஹெக்சிடின் போதும். பினாயில் வகைகளை ஊர்வன இருக்கும் அறைக்குள்ளேயே விடமாட்டேன், அவற்றுக்கு அது நஞ்சு. பிளீச்சையும் அம்மோனியாவையும் கலந்தால் எழும் வாயு நமக்கே ஆபத்து.

ஆனால் கிரிப்டோவின் முட்டையுறை பிளீச்சுக்கு அசையாது. கொதிநீரும் நீராவியும் முழுமையான உலர்தலும்தான் அதற்குப் பகை. கிண்ணங்களைக் கொதிக்கவைத்தேன். மரப்பட்டையையும் துளை நிறைந்த பொந்தையும் வெளியே எறிந்தேன். மூன்றாண்டாக வைத்திருந்த பட்டை அது, மனம் கனத்தது. பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தேன். பல்லி பத்தே நிமிடத்தில் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மார்ச் 15, சனி

பெரிய பால் பைத்தானின் கண்கள் ஒரு வாரத்துக்கு முன் பாலாடை படிந்தது போல் நீலமாகி, பின் தெளிந்தன. நேற்றிரவு சட்டையை உரித்துவிட்டது. மங்கலாக இருக்கும் நாட்களில் அதற்குச் சரியாகக் கண் தெரியாது. சீண்டுவதில்லை, இரையும் வைப்பதில்லை, ஈரப்பதத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். தலைப் பகுதியில் இரண்டு வட்டங்கள், கைக்கடிகாரக் கண்ணாடி போலக் குவிந்து முழுதாக வந்திருந்தன. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு கழன்றுவர வேண்டும். அது வராமல் தங்கினால் சிக்கல். வால் நுனியும் இருந்தது. பல்லிகளிடம் இதேபோல் விரல்களைப் பார்க்கிறேன். ஒரு நூல் அளவு பழைய தோல் விரலைச் சுற்றி இறுகினால், ரத்தம் போகாமல் அந்த விரலே உதிரும்.

தாடி ஓணான்களின் புற ஊதா விளக்கு ஒன்றையும் மாற்றினேன். எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கும்போதே தெரியாத கதிர் தேய்ந்துவிடும். மாற்றிய தேதியை விளக்குக் கூட்டிலேயே எழுதி ஒட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

மருத்துவர் அழைத்தார். குடல் புழு முட்டைகள் ஏராளம். கிரிப்டோ தென்படவில்லை. மூச்சு வந்தது. ஆனால் அந்த ஒட்டுண்ணி எல்லா எச்சத்திலும் வெளிப்படாது, ஒரு முடிவை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம் என்று அவரே சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதனை, அதன்பின் இன்னொன்று. அதுவரை தனியறைதான். புழுவுக்கு மருந்து எடைக்கு ஏற்ப சொட்டுக் கணக்கில். 47 கிராம் பிராணிக்கு ஒரு சொட்டுக் கூடினாலே அதிகம்.

மற்ற பதினொரு பல்லிகளின் எடையில் இதுவரை ஒன்றும் குறையவில்லை. அவற்றின் எச்சத்தையும் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கார்ன் பாம்பு கக்கி பதினாறு நாள். உறைந்த எலிக்குட்டி ஒன்றை, வழக்கத்தில் பாதி அளவு, நேற்றே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் மாற்றி வைத்திருந்தேன். மாலையில் பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டு, உடல் சூடு வந்ததும் துடைத்து, விரலால் அமுக்கிப் பார்த்தேன். நடுவில் குளிர் மிச்சமிருந்தால் செரிக்காது. நுண்ணலை அடுப்பு கூடவே கூடாது, சூடு சீராக ஏறாமல் சில இடம் வெந்துபோகும், வெடிக்கவும் செய்யும்.

தம்பி முதலில் நோட்டைத் திறந்து, கடைசிப் பதிவைச் சத்தமாகப் படித்தான். பிறகுதான் இடுக்கியை எடுத்தான். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. பாய்ந்து கவ்வி, இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. விழுங்கி முடித்ததும் பெட்டியை மூடிவிட்டோம். இரண்டு நாளைக்கு அதை யாரும் தூக்கக்கூடாது.

மார்ச் 20, வியாழன்

கக்கவில்லை. இன்று நான்கு முறை போய் மோந்து பார்த்தேன்.

மார்ச் 22, சனி

காலையில் நான் போவதற்குள் தம்பி பாம்பு அறையில் இருந்தான். தாள் விரிப்பின் மூலையில் பழுப்பு நிறத்தில் கெட்டியான எச்சம், பக்கத்தில் சுண்ணாம்பு போல வெள்ளை யூரேட். அதை எடுக்காமல் எனக்காக விட்டுவைத்திருந்தான். நோட்டில் நேரத்தோடு எழுதியாகிவிட்டது: “6.40. நல்ல எச்சம். அடுத்த இரை 28ஆம் தேதி, இதே அளவு.”