பெட்டியின் மேல் ஒரு கை

எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. படிப்பு முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஆசை, அரசு வேலை. 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் எங்களுக்கு என்று மாமா தாளில் எழுதிக் காட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு வருடம் தேர்வுக்குப் படித்தேன். மனசு ஒட்டவில்லை.

என் மனசு மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், தேனீப் பெட்டிகளிடம் கிடந்தது. இலை உதிர்த்து மரம் துளிர்க்கும்போது, பூவில் இல்லை, இளம் இலைக் காம்பில் தேன் சுரக்கும். மார்ச்சில் பெட்டிகள் நன்றாகக் கனக்கும்.

"ராணி இல்லாத கூட்டைச் சத்தம் வைத்துத்தானே கண்டுபிடிப்பார்கள், உனக்கு எப்படி?" என்று அப்பா சைகையில் கேட்டார். அவர் கையைப் பிடித்துப் பெட்டி மேல் வைத்தேன். நல்ல கூட்டின் அதிர்வு சீராக இருக்கும். ராணியை இழந்த கூடு உள்ளங்கையில் வேறு மாதிரி நடுங்கும். அப்பா வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

இப்போது 40 பெட்டிகள். வாங்க வருபவர்களிடம் நோட்டை நீட்டுவேன், எழுதுவார்கள். போன வாரமும் மாமா ஒரு தேர்வு அறிவிப்போடு வந்தார். பாசம்தான், தெரியும். ஒரு பாட்டில் தேன் கொடுத்து அனுப்பினேன். சரி, நாளை விடியும் முன் தோட்டத்துக்குப் போகணும்.