லேவியர் 19ஐ வயலில் வைத்து வாசித்தால்

என் மறைக்கல்வி வகுப்பில் உறுதிபூசுதல் என்ற கத்தோலிக்கத் திருவருட்சாதனத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் பரிசுத்தம் என்றால் என்னவென்று கேட்டால், பதில்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். வெள்ளை உடுப்பு. தவக்காலத்தில் மச்சம் சாப்பிடாமை. பூசை நேரத்தில் கதைக்காமை. மன்னாரின் முருங்கன் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால், அங்குள்ள மாதா கோயிலை நினைத்து ‘மடு’ என்றும் ஒரு குரல் எழும். எதுவும் பிழையில்லை. ஆனால் எல்லாமே ஞாயிறு மத்தியானத்தோடு தீர்ந்துபோகிற பதில்கள்.

அதனால் பைபிளில் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை மாசி மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். காலபோக நெல் வெட்டும் காலம் அது. நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று ஆண்டவர் சொல்வதுடன் அதிகாரம் தொடங்குகிறது. இவ்வளவு உயரத்தில் தொடங்கியதால் அடுத்துத் தூபமும் வானதூதர்களும் வருவார்கள் என்று பார்த்தால், சில வசனங்களிலேயே வயல் வந்துவிடுகிறது. ஓரம்வரை ஒட்ட வெட்டாதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. பார்வையற்றவர் நடக்கும் வழியில் இடறுகல் வைக்காதே. அதிகாரம் முடியும் தறுவாயில் தராசும் படிக்கல்லும் வருகின்றன: அவை சரியாக இருக்க வேண்டும்.

தராசு என்றதும் வகுப்பே சிரிக்கும். எந்த வீட்டில்தான் அந்தப் பேச்சு இல்லை? நெல் ஏற்ற வரும் வியாபாரி ஈரத்துக்கு இவ்வளவு, பதருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவார். சென்ற போகத்தில் எங்கள் நெல்லை நிறுத்தவரின் லொறி முகப்பில் பெரிய அந்தோனியார் படம். காணாமற்போனவற்றைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார். அன்றைக்கு மூடைக்கு இரண்டு கிலோ காணாமற்போனது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்படிச் சொன்னால் என்னோடு படிப்பிக்கும் மூத்த ஆசிரியருக்குக் கோபம் வரும். பரிசுத்தம் என்பது முதலில் கடவுளுக்கென்று ஒதுக்கி வைப்பது, நீங்கள் அதைக் கமக்காரர் சங்கக் கூட்டமாக்குகிறீர்கள் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எரியும் முட்செடிக்கு முன்னால் மோசே செருப்பைக் கழற்றவே வேண்டியிருந்தது. அதே லேவியர் நூலில் தொடக்கூடாத பிணம், உண்ணக்கூடாத இறைச்சி, பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டிய நோயாளி என்று விலக்குகள் நிறைய உண்டு. ஆகாய் இறைவாக்கினர் குருக்களிடம் ஒரு சட்டக் கேள்வி கேட்கச் சொல்லப்படுகிறார். அர்ப்பணித்த இறைச்சியை முந்தியில் கொண்டுபோகும்போது அந்த முந்தி அப்பத்தில் பட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டவன் அதைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும். தீட்டு தொற்றும், பரிசுத்தம் தொற்றாது. ஊரில் பலருடைய கணக்கு இன்றும் இதுதான்.

மாற்கு முதல் அதிகாரத்தில் இந்தக் கணக்கு புரண்டுவிடுகிறது. தொழுநோயாளியை இயேசு கை நீட்டித் தொடுகிறார். தொட்டவருக்குத் தீட்டு வரவில்லை, தொடப்பட்டவர் சுகமடைகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் இரத்தப்போக்குள்ள பெண் அவருடைய ஆடையைத் தொடும்போதும் அப்படியே. கிறிஸ்தவர்கள் பரிசுத்தம் பற்றி வாய் திறக்குமுன் இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அந்தக் கணக்கு புரள்வதை மடுவில் நான் சிறுமியாகக் கண்டேன். 1990இல் சண்டை மறுபடி மூண்டபின் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோயில் வளவில் தஞ்சமிருந்தார்கள், நாங்களும்தான். ஆவணித் திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் நடக்கும் மணலில் அடுப்பு மூட்டினோம். மலேரியாக் காய்ச்சல், சிரங்கு, குழந்தைகளின் மூத்திரத் துணி எல்லாம் அங்கேதான். மாதாவின் வளவை நாறடிக்கிறோமே என்று அம்மம்மா முதலில் மறுகினார். பிறகு, “அவரும் ஓடிவந்தவர்தானே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மைதான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்ட சொரூபம் அது. 2008இலும் ஒருமுறை தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து அதே ஆண்டில் திரும்பியது.

1999 நவம்பரில் அந்த வளவில் எறிகணை விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். இடத்தின் பரிசுத்தம் அவர்களைக் காக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. என்னிடம் விடையில்லை என்றுதான் சொல்கிறேன். விடை வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

யோசப் வாஸ் அடிகளாரின் கதை அவர்களுக்குப் பிடிக்கும். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர்களைக் கழுவித் துடைத்துப் பராமரித்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதராக்க வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமையை, அதாவது அற்புதத்தை, அவருக்குக் கேட்கவில்லை. அம்மை நோயாளியைக் கையால் தொட்டவருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

திருத்தூதர் பவுல் பரிசுத்தர் என்ற பட்டம் கொடுப்பதில் இன்னும் தாராளமானவர். கொரிந்துச் சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறவர்கள். ஆண்டவரின் விருந்திலேயே சிலர் வெறித்திருக்க, சிலர் பட்டினி. அப்படிப்பட்டவர்களைத்தான் கடிதத்தின் தொடக்கத்திலேயே பரிசுத்தராக அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். ஏச்சு பிறகுதான் வருகிறது. பெயர் முதலில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கேற்ப நடப்பதில்தான் செலவு.

அந்தச் செலவு எங்கள் வீட்டில் ரூபாயாகவே வரும். வியாபாரி காசு தர வாரக்கணக்காகும். கூலியாட்களுக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும். இடையில் என் சங்கிலி வங்கியில் ஈட்டில் கிடக்கும். இதில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டையில்லை. சண்டை வயல் மூலை பற்றியது. அறுவடை இயந்திரம் திரும்பும்போது மூலைகளில் கொஞ்சம் நெல் தப்பிவிடும். அதையும் அண்ணன் ஆள் விட்டு அரிவாளால் வெட்டுவிப்பார். விட்டால் மயில்தான் தின்னும், இந்தக் காலத்தில் கதிர் பொறுக்க யார் வருகிறார்கள் என்பது அவர் வாதம். கோழிக்காகப் பொறுக்க வரும் இரண்டு பாட்டிகளை நான் பெயர் சொல்லிக் காட்டினேன்.

கடைசியில் ஒரு மூலைக்குச் சம்மதித்திருக்கிறார். ஆண்டுதோறும் யானை இறங்கி மிதிக்கும் காட்டுப்பக்கத்து மூலைக்கு.