மீன் பயணித்த கடல்வழியே: நார்வே நாட்குறிப்பு

ஜூன் 6, 2025 – பெர்கன்

கப்பல் இரவில்தான் புறப்படும் என்பதால் பகல் முழுவதையும் பிரிக்கென் என்னும் பழைய துறைமுகத் தெருவிலேயே செலவிட்டேன். நீரைப் பார்த்தபடி தோளோடு தோள் உரசி நிற்கும் இந்த மரக் கட்டடங்கள், 1702 ஆம் ஆண்டின் பெருந்தீயில் நகரம் எரிந்த பிறகு பழைய அமைப்பு மாறாமல் மீண்டும் எழுப்பப்பட்டவை. 1979 இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தவை.

ஏறத்தாழ 1360 முதல் வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சா கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே கிடங்கு அமைத்து, வடக்கிலிருந்து வந்த உலர்ந்த காட் மீனை வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அவர்கள் திருமணம் செய்துகொள்ளக் கூடாது; தீக்கு அஞ்சி வீட்டுக்குள் அடுப்பு மூட்டவும் கூடாது. சமைப்பதும் குளிர்காய்வதும் பின்புறத்துப் பொதுக்கூடங்களில்தான். இந்த வாழ்க்கையின் கடுமையை வழிகாட்டிகள் விரிவாகச் சொல்கிறார்கள். ஆனால் என் மனம் மறுமுனையில் இருந்த மீனவரிடமே சென்றது: தானியத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, பிடிக்கப்போகும் மீனை அதற்கு ஈடாக எழுதிக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கடனிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கரையைக் காணத்தான் இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜூன் 7 – ஓலெசுண்ட்

1904 ஜனவரி 23 அன்று, பலத்த காற்று வீசிய இரவில், இந்த ஊர் ஏறத்தாழ முழுவதுமாக எரிந்து, சுமார் 10,000 பேர் வீடிழந்தார்கள். இறந்தவர் ஒருவர் மட்டுமே என்பதை இன்றும் வியப்போடு சொல்கிறார்கள். இப்பகுதியில் விடுமுறையைக் கழிக்கும் வழக்கமுடைய ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் கப்பல்களில் உதவிப் பொருட்கள் அனுப்பினார். 1907க்குள் கல்லாலும் செங்கல்லாலும் புதிய நகரம் எழுந்துவிட்டது. கோபுரமும் பூவேலைப்பாடும் கொண்ட அந்த முகப்புகளை வெறும் அலங்காரமாகக் காண என்னால் இயலவில்லை. குளிர்காலத்தில் கூரையிழந்த மக்கள் மூன்றே ஆண்டுகளில் அழகையும் விட்டுவிடாமல் கட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 8 – கெய்ராங்கர் ஃபியோர்டு

பனியாறு குடைந்த 15 கிலோமீட்டர் பள்ளத்தில் கடல் புகுந்திருக்கிறது. செங்குத்தான பாறையில் ‘ஏழு சகோதரிகள்’ அருவி விழுகிறது. அதற்கு எதிரே, ஆட்டுக்கும் கால் நடுங்கும் உயரத்தில், ஸ்காகெஃப்ளோ என்னும் கைவிடப்பட்ட பண்ணை வீடு.

அடுத்த ஆண்டு முதல் உலக மரபு ஃபியோர்டுகளுக்குள் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் புகை வெளியேற்றாமல்தான் வர வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம் உண்டு. பெரிய கப்பல் ஒன்றில் வந்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், அந்த அவகாசம் மிக நீண்டது.

ஜூன் 10 – ஸ்வோல்வார், லோஃபோடன் தீவுகள்

அதிகாலையில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். இனி இரவிலும் சூரியன் மறையாது.

குளிர்காலத்தில் பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீனை இங்கே பிடித்து, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். நம் கருவாட்டைப் போல உப்பிடுவதில்லை. பிப்ரவரி முதல் மே வரை உறைநிலையை ஒட்டியே நிற்கும் வெப்பநிலையும் ஓயாத கடற்காற்றும் அந்த வேலையைச் செய்கின்றன; கடுங்குளிரானால் உறைந்து சதை கெடும், வெப்பம் மிகுந்தால் ஈ மொய்க்கும். வளைகுடா நீரோட்டத்தின் வெப்பத்தால் இவ்வளவு வடக்கிலும் கடல் உறையாமல் இருப்பதே இத்தொழிலின் அடிப்படை. சட்டங்களில் பெரும்பகுதி இப்போது வெறுமையாக இருந்தாலும் மணம் காற்றில் இருக்கிறது. எனக்கு அது சிறிதும் அயலாக இல்லை.

அருகிலுள்ள வோகனில், 1120 வாக்கில் மன்னர் ஐஸ்டைன் மீனவருக்குக் குடில்கள் கட்டுவித்தார் என்பது வரலாறு. ‘ரோர்பு’ எனப்படும் அவ்வகைக் குடில்கள் பல, இன்று சுற்றுலாப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. படகோட்டிக் களைத்தவர்கள் ஈர உடையோடு நெருக்கியடித்துப் படுத்த இடம் என்பதை அங்கே தங்குவோருக்குச் சொல்லும் ஒரு பலகையாவது வாசலில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1432 இல் வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரீனி கப்பல் சிதைந்து இத்தீவுக் கூட்டத்தின் தென்கோடிக்கு அருகே ஒதுங்கினார். ரோஸ்ட் தீவு மீனவர்கள் அவரையும் உடன் பிழைத்தவர்களையும் மாதக்கணக்கில் வீட்டில் வைத்துப் பேணினார்கள். அவர் எழுதிவைத்த குறிப்பில் இந்த மீனும் இடம்பெறுகிறது. இன்று நல்ல தரமான மீனை அதிகம் வாங்குவது இத்தாலி. தனியே உலர்த்தப்படும் தலைகள் நைஜீரியாவுக்குச் சென்று குழம்பாகின்றன.