வெறும் வயிற்றில்

ஜனவரி 27, திங்கள் (தை 14)

காலை 6 மணிக்குத் தாழ்வாரத்து வெப்பமானி 9 டிகிரி காட்டியது. சர்க்கரை பார்க்கும் கருவி இன்றும் எண்ணைக் காட்டாமல் பிழைக் குறியை மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது. அது 10 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில்தான் வேலை செய்யும் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. அதைச் செய்தவர்கள் ஏற்காட்டின் தை மாத விடியலைக் கண்டதில்லை போலும். கருவியையும் பட்டைக் குப்பியையும் கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிறிது நேரம் படுத்திருந்தேன். அதன் பிறகு மனைவியின் விரலை வெந்நீரில் கழுவித் துடைத்துக் குத்தியபோதுதான் ஒரு சொட்டு வந்தது. 214.

அவள் கண்புரையை அறுக்கக் கண் மருத்துவர் கேட்பது 150-க்குக் கீழே, அதுவும் ஒரு வாரம் தொடர்ந்து. அதுவரை கத்தியைத் தொடமாட்டாராம்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. படையல் வடையில் ஒன்றைத்தான் சாப்பிட்டதாகச் சொல்கிறாள். மாலையில் 268.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொங்கலுக்கு வந்திருந்த மகள், அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று டப்பாக்களில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, அலமாரியையே மாற்றி அடுக்கிவிட்டுச் சேலத்துக்குப் போனாள். அந்தக் கோபம் இன்னும் இங்கே ஆறவில்லை. எழுத்து இவளுக்கு எதற்கு? துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் விரலில் உருட்டிப் பார்த்தே பிரிக்கிறாள். தாளிப்பில் கடுகு வெடித்து ஓய்வதைக் காதால் கேட்டுத்தான் வெங்காயம் போடுகிறாள். சத்துணவுக் கூடத்தில் அத்தனை ஆண்டுகள் பெரிய அண்டாக்களோடு இருந்தவளுக்குக் கை மறக்கவில்லை. இன்று அவள் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவையும் பழைய இடத்துக்குச் சொல்லச் சொல்ல, நான் தூக்கி வைத்தேன். வெல்ல டப்பா மட்டும் அவள் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அதை என் பழைய எஸ்டேட் கணக்கேடுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மாலையில் பின்கட்டு விளிம்பில் நின்றோம். பனி இல்லாததால் சேலத்து விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதாம், பெரிதாக. "தேர்த் திருவிழா மாதிரி இருக்குதுங்க" என்றாள். புரை முற்றினால் அப்படித்தான் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை; அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

கீழே போய்ச் சர்க்கரை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தாள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 சதவீதம். ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால், அவற்றில் படிந்த சர்க்கரையைப் பார்த்தாலே அத்தனை நாளும் நடந்தது தெரிந்துவிடும் என்று விளக்கினார். தீபாவளி அதிரசத்துக்குக்கூட அதில் பதிவு இருக்கும் என்று அர்த்தம். கணக்கெழுதிப் பிழைத்த எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை வந்தது, அவளுக்கு வரவில்லை.

மாத்திரைகள் அப்படியே தொடரவேண்டும். இனி இரவு படுக்குமுன் இன்சுலின், 10 அலகு. பேனா வடிவ ஊசிதான், ஆனால் அதன் சக்கரத்திலுள்ள எண்கள் அவளுக்குத் தெரியவில்லை. திருகுவது நான், குத்துவதும் நான், முனகுவது அவள்.

பிப்ரவரி 8, சனி

188.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தே தீரவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்ததால் வெல்ல டப்பாவை வெளியே எடுக்கவேண்டியதாயிற்று. படைத்ததில் ஒரு கரண்டி தவிர மீதியைப் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் காலையில் எடுத்த எண், பொங்கல் வைப்பதற்கு முன்பே, 193.

இரவு எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் சாமைச் சோறும் கீரையும் சாப்பிட்டவளுக்கு விடியலில் எப்படி ஏறுகிறது என்று மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். விடியலுக்கு முன் உடம்பே விழித்தெழ ஆயத்தமாகிக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடுமாம். அதற்குத் தின்றிருக்கவேண்டிய அவசியம் இல்லையாம். மருத்துவரும் இதையே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை என்றும் சொன்னாள். இருக்கட்டும். டப்பாவில் மிஞ்சிய அச்சு வெல்லத்தை எண்ணி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒண்டிக்கடையில் கண்டவர்கள் எல்லாரும் மருத்துவர்கள். ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான், பாகற்காய். ஒருவர், சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார். கேழ்வரகும் மாவுச்சத்துதானே, இரண்டு உருண்டை உள்ளே போனால் இரண்டு உருண்டைக்குரியது ஏறத்தான் செய்யும். இதைச் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

பிப்ரவரி 19, புதன்

பஞ்சாமிர்தம் வந்துவிட்டது. எடப்பாடிக்காரர்கள் தைப்பூசத்துக்குப் பிறகு பழனிக்குப் பாதயாத்திரை போய், மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, இரவு அங்கே தங்கும் உரிமையோடு வழிபட்டுவிட்டுத் திரும்புவார்கள். என் மைத்துனர் ஆண்டு தவறாமல் போகிறவர். தவறாமல் அக்காவுக்கு ஒரு தூக்குவாளி அனுப்புகிறவர். பிறந்த வீட்டுப் பிரசாதத்தை மறுக்க நான் யார்? வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, தேன், நெய்: இவற்றில் எதை நான் விதிவிலக்காகக் கருதுவது?

விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். "போதும். கொண்டு போங்க" என்று தானே வாளியை என் பக்கம் தள்ளினாள். முறைத்துக்கொண்டிருந்தால் எதிர்த்திருக்கலாம். இப்படிக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நானும் சாப்பிடாமல் லைன் வீட்டுக்கு அனுப்பினேன்.

காலை எண் 158.

பிப்ரவரி 22, சனி

146! கருவி முதல் முயற்சியிலேயே எண்ணைக் காட்டியது. வெப்பமானியும் 13.

பிப்ரவரி 24, திங்கள்

161. பேசவில்லை, இருவரும்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று மகா சிவராத்திரி. காலையிலும் மதியத்திலும் அவள் கேழ்வரகுக் கூழ் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு நான் சந்தில் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டு வந்தபோது அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது; சாப்பிட்டாயா என்றதற்குத் தலையசைத்தாள். மாத்திரையை முன்பே போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நான் ஊசியும் போட்டேன். கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டே கண்விழிக்கப் போவதாகச் சொல்லிக் கம்பளியோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொன்றரை மணி இருக்கும். அந்தக் குளிரில் அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. கை நடுங்கியது. கூப்பிட்டால் வேறு யாருக்கோ பதில் சொல்வதுபோல் முன்னுக்குப் பின் பேசினாள். கருவியை எடுத்தேன், குளிருக்கு அது பிழை என்றது. அதைக் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. இதற்கென்று மருத்துவர் சொல்லி அனுப்பியது நல்லவேளையாக நினைவில் இருந்தது: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் மறுபடியும் கொடுக்கவேண்டும். இந்த வீட்டில் சர்க்கரை இல்லாதபடி செய்து வைத்திருப்பவன் நான். கணக்கேடுகளைத் தரையில் தள்ளிவிட்டு வெல்லத்தை எடுத்து அம்மிக்கல்லால் இடித்து வெந்நீரில் கரைத்து, விழுங்கும் நினைவு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். அதற்குள் கருவியும் மேசை விளக்கின் சூட்டில் இணங்கியது. 58. வெல்லத் தண்ணீர் குடித்து 15 நிமிடம் ஆனபின் 81. பிறகு அரைக் கிண்ணம் சோறு, மோர்.

விரதம் இருந்திருக்கிறாள். தட்டைக் கழுவியது எனக்காக. "கண்ணு நல்லபடியாத் தெரியணும்னு வேண்டிக்கிட்டேன், சொன்னா விடமாட்டீங்க" என்றாள். விட்டிருக்கமாட்டேன்தான். ஆனால் ஊசி போடாமலாவது இருந்திருப்பேனே! விடியும்வரை நானும் தூங்கவில்லை. சிவராத்திரிப் புண்ணியம் எனக்கும் உண்டு என்று காலையில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். இரவு இன்சுலின் 8 அலகாகக் குறைந்தது. அச்சு வெல்லம் ஒன்று இனி அவள் தலைமாட்டிலேயே இருக்கும், தாளில் சுற்றி.

மார்ச் 3, திங்கள்

149. நேற்று 143, அதற்கு முன் 148. மகள் அஸ்தம்பட்டியில் மாடி அறையை ஒழித்து வைத்துவிட்டாள். அறுவை முடிந்தபின் சொட்டு மருந்துக் காலம் முழுதும் அங்கேயே இருக்கவேண்டும் என்கிறாள். மாசி வெயிலில் சேலத்தில் யார் இருப்பது என்று இவள் கேட்கிறாள். கொடிமிளகு பறித்துக் காயப்போட்டிருப்பதை யார் அள்ளுவது என்றும் கேட்கிறாள். இதற்கு நான் பதில் சொல்வதற்குள் கண் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வியாழன் காலை ஏழு மணிக்குள் வரச் சொல்கிறார்கள். அன்று காலை மாத்திரை போடலாமா கூடாதா என்று கேட்டதற்கு, விசாரித்துவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள். மணி நான்காகிறது, இன்னும்