பெட்போர்டு டீக்கடையில் மாஸ்டடான்

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், பல சர்வர்கள் சேர்ந்த மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குகிறார். விளம்பரமே வராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உதவிக்கு ஒரு கல்லூரிப் பெண். டீ மாஸ்டர் அதிலேயே வேறொரு சர்வரில் (கணக்குகளை வைத்திருக்கும் கணினியில்) பழைய ஆள். கிளாஸ் கழுவிக்கொண்டே காது கொடுக்கிறார்.

"ஹெட் ஆபீஸ் எங்கம்மா?"

"எல்லா சர்வருக்கும் பொதுவா ஒண்ணு கிடையாது சார். 2016ல ஜெர்மனியில ஒருத்தர் எழுதி வெளியிட்ட மென்பொருள். யார் வேணா சர்வர் நடத்தலாம். புகார்னா அந்தந்த சர்வர் அட்மின்கிட்டதான்."

அவள் காட்டிய சர்வரில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்றொரு கட்டம். ஒரு வரி போதும். வாத்தியார் "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து "தங்கள் உண்மையுள்ள" வரை எழுதினார். அனுமதி கிடைத்துவிட்டது. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்தான் ஸ்பேமில் கிடந்தது. பயனர் பெயரில் தமிழ் எழுத்து ஏறாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். மேலே தெரியும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பதிவு, பனிமூட்டப் படத்தோடு "காலை வணக்கம்". மத்தியானம் வரை ஒரு லைக்கும் இல்லை.

"கெட்டுப்போச்சாம்மா?"

கெடவில்லை. பின்தொடர்வோர் பூஜ்யம், அல்காரிதமும் கிடையாது. பதிவைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட ஆளில்லை. அதுவும் சின்ன சர்வர். அங்கே இருப்பவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்களோ, பெரும்பாலும் அவர்கள் பதிவுதான் வெளியிலிருந்து வந்து சேரும். இவர் குன்னூர் என்று தேடியும் ஒன்றும் கிடைக்காதது அதனால்தான். நீலகிரிச் சிரிப்பான் பறவையைப் படமெடுக்கும் ஒருவரின் பக்கம் காலியாகத் தெரிந்ததும் இதே கதை: பழைய பதிவுகள் தேடி வராது, அவருடைய சொந்த சர்வர் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பின்தொடர்ந்தால் புதியவை வரும்.

லைக் என்பது பதிவை எழுதியவரைச் சந்தோஷப்படுத்தும், அவ்வளவே. பூஸ்ட் செய்தால்தான், அதாவது மறுபடி பகிர்ந்தால்தான், பதிவு அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ஹேஷ்டேக்கும் உதவும், இடைவெளி விடாதவரை. வாத்தியார் இலக்கணப்படி "மேட்டுப்பாளையம் குன்னூர் ரயில்" என்று பிரித்துப் போட்டார். மேட்டுப்பாளையத்தோடு டேக் இறங்கிவிட்டது, ரயில் வரவில்லை.

அடுத்து அந்தரங்கச் செய்தி. "குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பெண்ணுக்கு எழுதினார்: இந்தக் கடை டீ வரவர வெந்நீராக இருக்கிறது. யார் போடும் டீ என்பதில் சந்தேகம் வரக்கூடாதே என்று மாஸ்டரின் முழு மாஸ்டடான் முகவரியையும், சர்வர் பெயர் உட்பட, பிழையில்லாமல் சேர்த்தார்.

மாஸ்டர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"சார், உள்ளே யார் முகவரியை எழுதினாலும் அவங்களுக்கும் போயிடும்!" என்றாள் பெண், தாமதமாக. "பூட்டுப் போட்ட செய்தியும் இல்ல, ரெண்டு பக்க அட்மினும் நினைச்சா படிக்கலாம்."

"அழிச்சிடவா?"

"அழிக்கச் சொல்லி அந்த சர்வருக்குத் தகவல் போகும். அவரு படிச்சாச்சே."

எடிட் பொத்தான் வாத்தியார் கண்ணில் பட்டது. அவசரமாக "டீ பிரமாதம்" என்று திருத்தி அனுப்பினார். மாஸ்டர் திரையில் விரலை வைத்தார்.

"திருத்தினதுக்கு வரலாறு இருக்கு சார். முந்தினதும் தெரியுது."